தொகுதி தெரியும்... பகுதி தெரியுமா?

(கோவை மண்டல ஐ.டி. அணி பயிற்சி முகாமில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நிறையப் பேர் கேட்டதால் முழுசாக இங்கே பகிர்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிச்சுட்டு உங்க பூத் குரூப்புக்கும் அனுப்புங்க.)



 எனக்குக் குடுத்த தலைப்பு "புள்ளிவிவரங்களைச் சரியாப் பயன்படுத்துவது எப்படி". மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தத் தலைப்பைக் குடுத்தா எத்தனை பேர் தூங்குவாங்கன்னு தெரியும். அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடற தடுப்பூசி. "இத்தனை சதவீதம் போட்டாச்சு"ன்னு சொல்றாங்களே, அந்தச் சதவீதம் எங்கிருந்து வருது?

பள்ளிக்கூடத்துல பின்னம் படிச்சது ஞாபகம் இருக்குங்களா? மேல இருக்கற எண்ணுக்குப் பேரு தொகுதி. கீழ இருக்கற எண்ணுக்குப் பேரு பகுதி.

நம்ம கட்சிக்காரங்களுக்குத் தொகுதின்னா வேற அர்த்தம். தொகுதியைப் பத்தி நாம பேசாத நாளே இல்ல. ஆனா இன்னிக்கு நான் பேசப்போறது பகுதியைப் பத்தி. தடுப்பூசிக் கணக்குல தொகுதின்னா ஊசி போட்ட குழந்தைங்க. பகுதின்னா ஊசி போட வேண்டிய எல்லாக் குழந்தைங்களும். மேல இருக்கறதை எல்லாரும் எண்ணுவாங்க. கீழ இருக்கறதை யாரு எண்ணறாங்க? என் பேச்சு பூராவும் இந்த ஒரு கேள்விதான்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி நான் ஒரு போஸ்டர் பண்ணினேன். தேசிய குடும்ப நல ஆய்வோட மாவட்ட அறிக்கைகளை டவுன்லோட் பண்ணி, கொங்கு மாவட்டங்களை வரிசைப்படுத்தி, எந்த மாவட்டம் தடுப்பூசில முதல், எது கடைசின்னு போட்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு கலர் எல்லாம் குடுத்து அழகா வந்துச்சு. ஷேர் அள்ளுச்சு. கமெண்ட்ல ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரே பெருமை.

அன்னிக்கு ராத்திரி எங்க அத்தை போன் பண்ணினாங்க. அத்தை கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. டி.வி.எஸ். 50-ல ஐஸ் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா போனவங்க. அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க. "கண்ணு, அந்தக் கடைசி மாவட்டத்துல எத்தனை குழந்தையைப் பாத்துட்டு அந்த நம்பரைப் போட்டாங்க?"

எனக்குத் தெரியல. மறுபடியும் அறிக்கையைத் திறந்து பாத்தேன். அந்த நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருந்துச்சு. டிசைனுக்கு அசிங்கமா இருக்குன்னு அந்த அடைப்புக்குறியை எடுத்ததே நான்தான். கீழ பொடி எழுத்துல குறிப்பு இருந்துச்சு: அடைப்புக்குறி போட்டிருந்தா, 25-ல இருந்து 49 பேரை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டதுன்னு அர்த்தம். 25-க்கும் கம்மியா இருந்தா நம்பரே போட மாட்டாங்க, நட்சத்திரக் குறிதான்.

கணக்கு சிம்பிள்ங்க. 2019-21-ல நடந்த அஞ்சாவது ஆய்வுல தமிழ்நாடு முழுக்கப் பாத்தது சுமார் 28,000 வீடு. அதை 32 மாவட்டத்துக்குப் பிரிச்சா மாவட்டத்துக்கு 870 வீடு. நம்ம ஊர்ல பிறப்பு விகிதம் கம்மி. ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு வயசு ஆகாத குழந்தைங்களைத்தான் இந்தக் கணக்குல பாப்பாங்க. 870 வீட்ல அப்படிப்பட்ட குழந்தைங்க நாப்பது பேர் கிடைச்சாலே அதிகம். நாப்பதுல ஒரு குழந்தை மாறினா ரெண்டரை சதவீதம் மாறிடும். ஒரு மாவட்டம் 86, இன்னொண்ணு 93-ன்னு வந்தா, அந்த வித்தியாசம் மூணு குழந்தை. மூணு குழந்தையை வெச்சு நான் ரெண்டு மாவட்டத்தைச் சண்டைக்கு விட்டிருக்கேன். போஸ்டரை எடுத்துட்டேன். ஆனா ஷேர் ஆனது ஷேர் ஆனதுதான்.

அப்ப சர்வேயே தப்பா? இல்லைங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம். அது உண்மை. ஆனா அது ஒரே பானையா இருந்தாத்தான் உண்மை. பத்து அடுப்புல பத்துப் பானை இருந்தா, ஒவ்வொரு பானைலயும் எடுத்துப் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் 1974-ல குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தை ஆரம்பிச்சப்ப, ஏழை நாடுகள்ல பல இடத்துல பிறப்புப் பதிவே கிடையாது. பகுதியே தெரியாத இடத்துல சதவீதம் எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. 30 இடத்தைக் குலுக்கல் மாதிரித் தேர்ந்தெடுக்கறது, ஒவ்வொரு இடத்துலயும் 7 குழந்தையைப் பாக்கறது, மொத்தம் 210. பத்து சதவீதம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா நிலைமை எப்படின்னு தெரிஞ்சிரும். லேப்டாப், செல்போன் எதுவும் இல்லாத காலத்துல பல நாடுகள்ல இந்த முறையை வெச்சுத்தான் தடுப்பூசி நிலவரத்தையே தெரிஞ்சுக்கிட்டாங்க.

அதனால சர்வேயைக் கேவலமா பேச வேண்டாம். அது எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு தெரிஞ்சா போதும். மாநிலத்துக்கு உதவும். நம்ம வார்டுக்கு உதவாது.

மாநிலத்துக்கு எப்படி உதவுச்சுன்னு நம்ம கதையையே சொல்றேன். இதே குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் போட்ட குழந்தைங்க 1998-99-ல சுமார் 89 சதவீதம். 2005-06-ல 80.9. 2015-16-ல 69.7. தொடர்ந்து இறங்கியிருக்குது. தடுப்பூசின்னா நாட்டுக்கே வழிகாட்டின்னு பேர் வாங்கின மாநிலம். அந்த வருஷங்கள்ல எல்லாம் ஆபீஸ் கணக்குல நம்பர் 100-ஐ ஒட்டியே இருந்துச்சு. அதை மட்டும் பாத்துட்டு இருந்திருந்தா யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது.

இதுலயும் ஒரு சிக்கல் உண்டு. 2012-13-ல நடந்த இன்னொரு மத்திய அரசு ஆய்வு, மாவட்ட அளவிலான வீட்டு ஆய்வு, தமிழ்நாட்டுக்கு 56 சதவீதம்தான்னு சொல்லுச்சு. அதை நம்ப முடியாமத்தான் சென்னைல இருக்கற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2015-ல தனியா ஒரு ஆய்வு பண்ணுச்சு. அதுல வந்தது சுமார் 80. ஒரே மாநிலம், கிட்டத்தட்ட ஒரே காலம்: 56, 70, 80, அப்புறம் ஆபீஸ் கணக்குல 100. எதிர்க்கட்சியா இருந்தா 56-ஐ எடுப்போம். ஆளுங்கட்சியா இருந்தா 100-ஐ எடுப்போம். நம்ம அணியும் இதைத்தான் பண்ணும், எல்லா அணியும் இதைத்தான் பண்ணும்.

ஆனா நம்பர் ஏன் மாறுதுன்னு பாக்கணும். ஒண்ணு, ஆதாரம். சில குழந்தைக்கு அட்டை இருக்கும். சில வீட்ல அட்டை தொலைஞ்சு போயிருக்கும், அம்மாகிட்ட கேப்பாங்க. "தொடையில ஊசி எத்தனை தடவை போட்டாங்க?" மூணு புள்ள பெத்த அம்மாவுக்கு எந்தப் புள்ளைக்கு எத்தனை ஊசின்னு ஞாபகம் இருக்குமாங்க? நம்ம கோயமுத்தூர்ல நிறையப் பேரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அங்க குடுக்கற புக்கே வேற, மருந்துப் பேரும் வேற. ரெண்டு, தேதி. முதல் ஊசி ஆறு வாரத்துல, அப்புறம் பத்து, பதினாலு வாரம். தட்டம்மை ஊசி ஒம்பது மாசம் முடிஞ்சு. அதுக்கு முன்னாடியே போட்டிருந்தா சில ஆய்வுல அதைக் கணக்குல சேக்க மாட்டாங்க. ஆக ஒவ்வொரு நம்பரும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில். கேள்வியைச் சொல்லாம பதிலை மட்டும் போஸ்டர்ல போட்டா அது பொய் மாதிரித்தான்.

இறங்கினதுல உண்மையான காரணமும் உண்டு. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட பிறகு நாலு பச்சைக் குழந்தைங்க இறந்து போச்சு. அதுக்கப்புறம் ஊருக்குள்ள வந்து ஊசி போடறதை நிறுத்தி, டாக்டர் இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னாங்க. பாதுகாப்புக்காகத்தான். ஆனா கூலிக்குப் போற அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம், பஸ் காசு. அத்தை சொல்லுவாங்க, "ஊசி நகர்ந்துச்சு கண்ணு, சனம் நகரல." பயமும் தூரமும் சேர்ந்து அடிச்சதை சர்வே காட்டுச்சு. அப்புறம் 2019-21-ல 89.2-க்கு மறுபடி ஏறியிருக்குது. இறங்கினது தெரிஞ்சதாலதான் ஏத்த முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன்.

இப்ப ஆபீஸ் கணக்குக்கு வருவோம். அது ஏன் 100-ஐத் தாண்டுது?

ஒரு உதாரணம். ஒரு துணை சுகாதார நிலையத்துல வருஷத்துக்கு 80 குழந்தை பிறக்கும்னு எதிர்பார்ப்பு நம்பர் குடுத்திருக்காங்கன்னு வெச்சுக்குங்க. அந்த வருஷம் 84 குழந்தைக்கு ஊசி போட்டாங்க. 105 சதவீதம்! பாராட்டு மழை. ஆனா அந்த 84-ல 20 பேரு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணுங்களோட குழந்தைங்க. பிறந்தப்ப ஊசி இங்க, ஆறு வாரத்துக்கு இங்க. மூணாம் மாசம் சீர் செஞ்சு புகுந்த வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அடுத்த ஊசி எங்க? அந்த ஊர் செவிலியருக்கு இந்தக் குழந்தை இருக்கறதே தெரியாது. அப்ப உள்ளூர்க் குழந்தைங்க 64 பேருதான். பாக்கி 16 குழந்தை எங்கேன்னு யாரும் தேட மாட்டாங்க, ஏன்னா நம்பர் 105!

அந்த 80-ங்கற எதிர்பார்ப்பே பழைய மக்கள்தொகைக் கணக்குல இருந்து வந்திருந்தா இன்னும் மோசம். கடைசியா எடுத்தது 2011. 2021-ல எடுக்க வேண்டியது தள்ளிப் போச்சு. அதுக்கப்புறம் திருப்பூர் எப்படி மாறியிருக்குன்னு நான் சொல்லணுமாங்க?

இதுக்குத் தமிழ்நாட்டுல ஒரு நல்ல பதில் இருக்குது. பிக்மி. கர்ப்பமானதுமே பேரைப் பதிவு பண்ணி 12 இலக்க எண் குடுத்து, அந்த அம்மாவையும் குழந்தையையும் தொடர்ந்து பாக்கற முறை, 2008-ல இருந்து. பகுதியை உத்தேசமா போடாம, பேர் பேரா எண்றாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையோட தவணையையும் குழந்தையோட ஊசியோட சேர்த்து வெச்சிருக்காங்க. ஊசி போட்டாத்தான் அந்தத் தவணை. கோவின் மாதிரி, எந்த ஊர்ல போட்டாலும் ஒரே இடத்துல பதிவாகற யு-வின் வேற இப்ப வந்திருக்குது. இதெல்லாம் யாரு ஆட்சில வந்தாலும் நல்ல விஷயம்னு சொல்றதுல நமக்குக் கௌரவக் குறைச்சல் இல்லைங்க.

ஆனா யோசிச்சுப் பாருங்க. இங்க கர்ப்பமா பதிவானவங்கதான் அந்த லிஸ்ட்ல இருப்பாங்க. ஒடிசாவுல இருந்து கைக்குழந்தையோட வந்து லைன் வீட்ல இருக்கற பொண்ணு? பீகார்ல இருந்து ஸ்பின்னிங் மில் குவார்ட்டர்ஸுக்கு வந்த குடும்பம்? அசாம், ஜார்கண்ட்ல இருந்து வால்பாறை எஸ்டேட்டுக்கு வந்தவங்க? ஆறு மாசம் செங்கல் சூளை, அப்புறம் வேற ஊருன்னு போறவங்க? அவங்க குழந்தை தொகுதிலயும் இல்ல, பகுதிலயும் இல்ல. மேலயும் கழிஞ்சிருச்சு, கீழயும் கழிஞ்சிருச்சு. சதவீதம் துளி கூடக் குறையாது. இதுதாங்க இந்தக் கணக்குல இருக்கற பெரிய ஓட்டை. ஊசி போடாத குழந்தையை எண்ணாம விட்டா, நம்பர் ஏறும்!

தட்டம்மை பரவாம இருக்கணும்னா நூத்துக்கு 95 பேருக்கு ரெண்டு டோஸும் போட்டிருக்கணும். மாவட்டம் முழுக்க 95 இருந்தாலும், விட்டுப்போன அஞ்சும் ஒரே லைன் வீட்ல, ஒரே எஸ்டேட்ல, ஒரே மலைக் கிராமத்துல இருந்தா நோய் அங்க புகுந்து விளையாடும். அங்க ஆரம்பிச்சு, ஒம்பது மாசம் ஆகாத, இன்னும் ஊசி போட வயசு வராத நம்ம வீட்டுக் குழந்தைக்கும் வரும்.

அதனால ஒரு விஷயத்தைக் கோவிச்சுக்காம கேளுங்க. நம்ம குரூப்லயே "வடக்கன்"னு மீம் போடறோம். நானும் போட்டிருக்கேன். தட்டம்மை ரேஷன் கார்டு பாத்துட்டு வராதுங்க. கேலி பண்ற ஊர்ல அந்த அம்மா குழந்தையைத் தூக்கிட்டு சுகாதார நிலையத்துக்கு எப்படி வருவா?

இப்ப தாய்மாருக்கு. கர்ப்பிணிக்கு ரணஜன்னி ஊசி ரெண்டு போடணும். முந்தின பிரசவத்துல போட்டு மூணு வருஷத்துக்குள்ள மறுபடி கர்ப்பமானா ஒண்ணு போதும். இங்க "ரெண்டு ஊசி போட்டவங்க எத்தனை பேரு"ன்னு மட்டும் எண்ணினா, சரியா ஒரு ஊசி போட்ட அம்மாவும் போடாதவங்க கணக்குல போயிருவாங்க. அதனால "பிறக்கும்போது அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு இருந்துச்சா"ன்னு கேக்கற மாதிரி கேள்வியையே மாத்தினாங்க. சின்ன மாத்தம்தான், ஆனா அதுதான் சரியான கேள்வி. பிரசவத்துல வர்ற ரணஜன்னியை ஒழிச்சதா 2015-ல இந்தியாவுக்கு அங்கீகாரம் கிடைச்சுது. அதுக்கு விதி என்ன தெரியுங்களா? ஆயிரம் பிறப்புக்கு ஒரு பச்சைக்குழந்தைக்குக் கூட வரக்கூடாது, அதுவும் ஒவ்வொரு மாவட்டத்துலயும். நாட்டோட சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. எனக்குப் பிடிச்ச விதி அது.

கடைசியா ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன்.

2017 பிப்ரவரில தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்துச்சு. ஒம்பது மாசத்துல இருந்து 15 வயசுக்குள்ள, தமிழ்நாட்டுல 1 கோடியே 76 லட்சம் குழந்தைங்களுக்குப் போடறதுன்னு இலக்கு. அப்ப வாட்ஸ்அப்ல "இந்த ஊசி போட்டா புள்ளைங்களுக்கு ஆபத்து"ன்னு ஆடியோ சுத்துச்சு. பல ஊர்ல பெத்தவங்க பயந்து புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பல. முகாமோட கெடுவை நீட்டிக்க வேண்டியதாச்சு. நான் அப்ப பிளஸ் டூ. என் தங்கச்சி ஒம்பதாவது. அந்த ஆடியோவை எங்க வீட்டு குரூப்ல போட்டதே நான்தான். அம்மா அவளை அன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பல. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல.

இப்ப தங்கச்சிக்குக் கல்யாணமாகி மாசமா இருக்கா. செக்கப்ல டாக்டரம்மா கேட்டாங்க, "ரூபெல்லா ஊசி போட்டிருக்கியாம்மா?" மாசமா இருக்கறப்ப ரூபெல்லா வந்தா வயித்துல இருக்கற குழந்தைக்குக் கண்ணு, காது, இதயம் பாதிக்கலாம். அந்த ஊசியைக் கர்ப்ப காலத்துல போடவும் கூடாது. ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் சரியாத் தூங்கல. எதிர்ப்புச் சக்தி இருக்குன்னு வந்துச்சு, சாமி புண்ணியம். ஆனா அந்த முகாம் கணக்குல, போடாத ஒரு நம்பர் என் தங்கச்சி. அந்த நம்பரை உருவாக்கினது என் விரல்.

சரிங்க, என்ன பண்ணலாம்? ரெண்டே வேண்டுகோள்.

முதல் வேண்டுகோள், போஸ்டர் போடறவங்களுக்கு. தடுப்பூசி நம்பர் எது கிடைச்சாலும் மூணு கேள்வி கேளுங்க.
👉 கீழ இருக்கற எண் யாரு? எண்ணினதா, உத்தேசமா?
👉 ஆதாரம் என்ன? அட்டையா, ஞாபகமா, ஆபீஸ் ரிப்போர்ட்டா?
👉 எத்தனை குழந்தையைப் பாத்தாங்க? அடைப்புக்குறி இருக்கா?
மூணுக்கும் பதில் தெரியலைன்னா போடாதீங்க, நமக்குச் சாதகமா இருந்தாலும்.

ரெண்டாவது, பூத் கமிட்டிக்காரங்களுக்கு. நம்மகிட்ட வாக்காளர் பட்டியல் இருக்குது. எந்தத் தெருவுல எந்த வீட்ல எத்தனை ஓட்டுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆனா ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஓட்டு இல்ல. வெளிமாநிலத்துல இருந்து வந்த அவங்க அம்மாவுக்கும் இங்க ஓட்டு இல்ல. நம்ம பட்டியல் எங்க முடியுதோ, அங்கதான் நான் சொல்ற பகுதி ஆரம்பிக்குது. ஓட்டு இல்லாத வீட்டுக்கு ஒரு தடவை போங்க. கைக்குழந்தை இருக்கான்னு பாருங்க. உங்க ஊர் செவிலியர்கிட்ட, "அக்கா, சூளைக்குப் பின்னாடி நாலு குடும்பம் புதுசா வந்திருக்காங்க"ன்னு சொல்லுங்க. புதன்கிழமை ஊசி நாள். வண்டி இருக்கறவங்க கூட்டிட்டுப் போய் விடுங்க.

ஆனா துண்டு போட்டுட்டுப் போகாதீங்க. போட்டோ எடுக்காதீங்க. பேரு, போன் நம்பர், ஆதார் எதையும் கூகுள் ஃபார்ம்ல வாங்காதீங்க. அந்த லிஸ்ட் செவிலியர் கைல இருக்க வேண்டியது, நம்ம கைல இல்ல. இதுல ஒரு ஓட்டு கூட வராதுன்னு யாராவது கேட்டா, ஆமாங்க, வராதுன்னு சொல்லுங்க.

அத்தைகிட்ட இந்தப் பேச்சை முன்னாடியே படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "நீ சொல்ற பகுதியை நாங்க ஒரு நோட்டுல எழுதி வெச்சிருப்போம் கண்ணு. நோட்டுல இல்லாத வீடு எதுன்னு சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும்"னாங்க.

அந்த ஆளா நாம இருப்போமுங்க. தொகுதியை ஜெயிக்கறதுக்கு எப்பவும் வேலை பாக்கறோம். வாரத்துல ஒரு புதன்கிழமை, பகுதிக்கும் வேலை பாப்போம்.



#தொகுதியும்_பகுதியும் #புதன்கிழமை_ஊசிநாள் #கொங்குமண்டலம்